விழுந்தால்தான் குற்றம்

நற்றிணையின் 98-ஆம் பாட்டில் ஒரு பன்றி வருகிறது. முள்ளம்பன்றி முள்ளைப் போன்ற பிடரிமயிரும் சின்னக் கண்ணும் உள்ள காட்டுப்பன்றி. தினைப்புனத்துக்குள் புகப் பொறி வைத்த குறுகிய வழியில் அது தலையை நுழைக்கிற நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு பல்லி கத்துகிறது. பன்றி மெல்ல மெல்லப் பின்வாங்கி, தன் கல்முழைக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறது. பாடியவர் உக்கிரப் பெருவழுதி. இந்தக் காட்சியை இன்றைக்கு எங்காவது பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புக்குப் போகலாம். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். பளியர் குடியிருப்பைத் தாண்டினால் காட்டழகர் கோயிலுக்குப் போகும் மலைவழி. 1988-இல் நரை அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் சேர்ந்த காடு அது. பன்றி இன்றும் இறங்குகிறது, தோப்பையும் வயலையும் கிளறிவிட்டுப் போகிறது. பல்லி கத்தினால் திரும்பிவிடும் என்று மட்டும் யாரும் காத்திருப்பதில்லை. வேலி போடுகிறார்கள்.

பல்லிச் சகுனம் என்றதும் அது மூடநம்பிக்கையா, முன்னோர் அறிவா என்ற பழைய வழக்கு தொடங்கிவிடும். இரண்டு கட்சியும் பல்லி சொன்னது பலிக்குமா என்பதையே பார்க்கின்றன. பல்லி எப்படி நம் சுவரில் குடியிருக்கும் உரிமை பெற்றது என்பதைப் பார்ப்பதில்லை. நம் வீட்டைச் சுற்றித் திரியும் சிறு ஊர்வனவற்றில் மூன்றை எல்லோருக்கும் தெரியும்: பல்லி, ஓணான், அரணை. மூன்றுக்கும் நஞ்சு கிடையாது. ஆனால் ஓணானைக் கல்லால் அடித்தோம், அரணையைக் கண்டு அலறினோம், பல்லியைத் தலைக்கு மேல் விட்டு வைத்தோம். இந்த வேறுபாட்டுக்குச் சகுனம் மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி. வீட்டுக்காரருக்கும் பல்லிக்கும் நடுவில் எல்லை வகுத்த ஓர் உடன்படிக்கை இருந்தது. சுவரும் கூரையும் அதற்கு, பாத்திரமும் பாயும் நமக்கு. சகுன சாத்திரம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த உடன்படிக்கையைப் பேசிய மொழிதான்.

சான்றுகளைக் கால வரிசையில் வைப்பது கடினம், சங்கப் பாடல்களுக்கு ஆண்டு குறிக்க முடியாது. ஆனால் இடவரிசையில் வைக்கலாம். குறுந்தொகை 16-இல் பல்லி கள்ளிக்காட்டில் இருக்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோ அதன் குரலுக்குச் சொல்லும் உவமை அசாத்தியமானது: வழிப்பறிக் கள்வர் அம்பைச் செப்பம் செய்யும்போது அதன் நுனியை நகத்தில் வைத்துப் புரட்டிப் பார்க்கும் ஓசை. விரல்நகத்தில் ஓர் ஊசிமுனையைச் சுண்டிப் பார்த்தால் அந்த ஒலியின் நியாயம் விளங்கும். அங்கே பல்லி யாருக்கும் எதிர்காலம் சொல்லவில்லை, தன் துணையைக் கூப்பிடுகிறது. இன்றைய விலங்கியலார் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்: இணையை அழைக்கவும், 'இது என் இடம்' என்று மற்றொன்றை எச்சரிக்கவுமே பல்லி குரலெழுப்புகிறது. கள்ளிக்காட்டிலிருந்து வீட்டுக்குள் வந்தால் குரலின் பொருள் மாறிவிடுகிறது. நற்றிணை 246-இல் உயர்ந்த சுவரிலிருக்கும் பல்லி, போனவர் வருவார் என்று தேற்றுகிறது. அகநானூறு 289-இல் பிரிந்து போனவனுக்காக நாள் எண்ணிச் சுவரில் கோடிழைத்து வைத்திருக்கும் பெண், பல்லி கத்தும்போதெல்லாம் நடுங்கி, நல்லதாகச் சொல் என்று அதை வேண்டுகிறாள். இந்தக் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கணக்கும் சகுனமும் ஒரே வீட்டில் இருக்கின்றன. பல்லி அவளோடு தங்கியிருக்கிற, அவளுடைய காத்திருப்பைக் கண்ட ஒரே உயிர்.

அந்த வழக்கம் பக்திக்குள்ளும் அப்படியே நுழைகிறது. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில், பத்தாம் பத்தின் முடிவில், மாதவன் வருவான் என்று கத்தும்படி ஒரு பல்லிக்குட்டியைத் தலைவி கெஞ்சுகிறாள். காக்கை, குயில், கிளியோடு பல்லிக்கும் அந்தப் பதிகத்தில் இடம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளும் குறி பார்த்தவள்தான். நாச்சியார் திருமொழியில் அவள் பார்ப்பது கூடல்: மணலில் வட்டமாகச் சுழித்து, சுழி கூடுகிறதா என்று பார்ப்பது. கூடலுக்கு விரலும் மணலும் போதும், பல்லிக்குக் கூரையுள்ள வீடு வேண்டும்.

இனி ஓணானுக்கு வருவோம், ஏனென்றால் என் கட்சிக்கு அதுதான் முதல் சாட்சி. குறுந்தொகை 140-இல் அள்ளூர் நன்முல்லையார் ஒரு முதிய ஆண் ஓந்தியை, அதாவது ஓணானை, காட்டுகிறார். முதுகு அரிவாள் பல்லைப் போல இருக்கிறது; சுரத்து வழியே போகிறவர்கள் அதை வைத்து நிமித்தம் பார்க்கிறார்கள். ஆக, ஒரு காலத்தில் ஓந்தியும் சகுனம் சொன்ன பிராணி. சகுனம்தான் பல்லியைக் காப்பாற்றியது என்றால் ஓணானையும் காப்பாற்றியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிப்பதும், வாயில் மூக்குப்பொடி திணித்து ஆடவிடுவதும், கல்லெறிந்து கொல்வதும் தமிழ்நாட்டுச் சிறுவர்களின் விளையாட்டாக நெடுங்காலம் இருந்தன. அதற்கு நியாயம் கற்பிக்க ஒரு கதையும் இருந்தது: ராமனுக்கு அணில் உதவியது, ஓணான் துரோகம் செய்தது. (அணில் முதுகில் ராமன் போட்ட மூன்று கோடு செண்பகத்தோப்பின் நரை அணிலுக்குக் கிடையாது. அது மரத்தின் உச்சியை விட்டு இறங்காத பெரிய சாதி, கதைக்கு அகப்படவில்லை.) கதை வந்ததால் கல் விழுந்ததா, கல்லெறிய ஆசைப்பட்டதால் கதை வந்ததா என்று கேட்டால் நான் இரண்டாவதையே நம்புவேன். ஓணான் வேலியில் இருக்கிறது. வேலிக்கும் வீட்டுக்கும் உடன்படிக்கை தேவைப்படவில்லை. சுரத்தில் கால்நடையாகப் போகும் வழக்கம் அருகியபோது ஓந்தியிடம் குறி கேட்க ஆளில்லாமல் போயிற்று. சுவரில் இருந்த பல்லியை மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்க நேர்ந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், சரியான மறுப்புதான். அரணையும் வீட்டுக்குள் வருகிறதே, அதற்கு ஏன் இந்தச் சலுகை இல்லை? அது நக்கினால் மரணம் என்கிற அளவுக்கு ஏன் அதன்மேல் பழி விழுந்தது? இடம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியில் கட்சி சரிந்துவிடும். அரணை வருவது தரை வழியே. உரல் மூலையிலும் விறகு அடுக்கிலும் பளபளவென்று வழுக்கி ஓடும், பார்வைக்குப் பாம்புக்குட்டி. அதற்குக் குரலும் இல்லை. நம்மூர்ப் பல்லி வகைகளுக்குத்தான் வாய்விட்டுக் கத்தத் தெரியும். தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் பிராணியோடு ஒரே அறையில் தூங்கலாம், சொல்லாமல் திரிவதோடு தூங்க முடியாது. எனவே உடன்படிக்கைக்கு இரண்டு அம்சங்கள் தேவைப்பட்டன: தனக்கென்று ஓர் இடம், அந்த இடத்திலிருந்து ஒரு குரல். பல்லிக்கு இரண்டும் இருந்தன. மூன்றாவதாக ஒரு தொழிலும் இருந்தது. ஓட்டு வீட்டின் கைமரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்து, விளக்கு வைத்ததும் மாடத்தருகே இறங்கி வந்து ஈசலையும் கொசுவையும் பூச்சியையும் பிடித்துத் தின்னும். வாலை மட்டும் பூனை போல இடமும் வலமுமாக அசைத்து, உடம்பை அசைக்காமல் விட்டத்தில் அது பதுங்கும் அழகைப் பார்த்த எவரும் அதை வேலையற்ற பிராணி என்று சொல்ல மாட்டார்கள்.

உடன்படிக்கையின் ஷரத்துகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? பஞ்சாங்கத்தில். கௌளி (பல்லி) சாத்திரம் என்று அச்சாகிற பகுதியில் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் உண்டு, பல பேர் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பல்லி சொல்லும் பலன்: கிழமை ஏழு, திசை எட்டு, ஆக 56 கட்டம். எந்தக் கட்டத்திலும் மனிதன் செய்ய வேண்டியது அதிகமில்லை. கேட்டுக்கொள்கிறான், தரையில் விரலால் தட்டி 'கிருஷ்ணா கிருஷ்ணா' என்கிறான், பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்குச் சாட்சி கிடைத்ததாகச் சிரிக்கிறான். மற்றது பல்லி விழும் பலன். இது உடம்பை அங்கம் அங்கமாகப் பிரித்து, இடம் வலம் பார்த்து எழுதியது. தலையில் கலகம், தோளில் வெற்றி, வயிற்றில் தானியம், முதுகில் நஷ்டம் என்று அச்சுக்கு அச்சு சிறு மாற்றங்களோடு போகும். முதல் பட்டியலில் பல்லி தன் இடத்தில் இருந்தபடி பேசுகிறது. இரண்டாவதில் எல்லை தாண்டி நம் மேல் விழுகிறது. தீட்டு, குளியல், விளக்கேற்றுதல் எல்லாம் இரண்டாவதற்குத்தான். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. எவ்வளவு கெட்ட பலன் சொன்னாலும் பரிகாரம் முழுக்க மனிதன் தலையில் விழுகிறது. அவன் குளிக்க வேண்டும், அவன் கோயிலுக்குப் போக வேண்டும். விழுந்த பல்லியை அடி என்று பட்டியல் சொல்வதில்லை. பிராது கொடுத்தவனைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு, எதிரியைச் சுவரேற விட்டுவிடும் நீதிமன்றம் அது.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் கூரையில் பதித்த தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்பது நாடறிந்த நம்பிக்கை. அதைக் காட்டி, பல்லி தெய்வமானதால்தான் பிழைத்தது, உடன்படிக்கையாவது ஒன்றாவது என்று யாரும் சொல்லலாம். ஆனால் அந்தக் கோயில் கதையையே கேட்டுப் பாருங்கள். முனிவருக்காகச் சீடர் இருவர் கொண்டுவந்த தீர்த்தப் பாத்திரத்தில் பல்லி விழுந்திருந்தது, அவர்கள் கவனிக்கவில்லை. முனிவர் சபித்தார், அவர்கள் பல்லியானார்கள். சாபம் கிடைத்தது பல்லிக்கு இல்லை. பாத்திரத்தை மூடாத ஆளுக்கு. மூடியும் உறியும் புழங்கிய அடுக்களையின் சட்டத்தை இதைவிடத் தெளிவாக எந்தத் தலபுராணமும் சொல்லியிருக்க முடியாது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழனிப்பானையில் விழுந்ததாம் என்கிற பழமொழியும் அந்தச் சட்டத்தின் இன்னொரு பிரதிதான். அரிசி கழுவின தண்ணீரை மாட்டுக்கு ஊற்றிச் சேர்க்கும் அந்தத் திறந்த பானையில் பல்லி விழுவது சாதாரணம். சகுனக்காரன் மேல் ஊருக்குப் பயம் இருந்திருந்தால் இவ்வளவு கிண்டல் வந்திருக்காது.

அடுத்த மறுப்பு அச்சைப் பற்றியது. இந்தப் பட்டியல்களை எல்லாம் இவ்வளவு பரப்பியது அச்சுக்கூடம்தானே, பழமை என்பது நாமே பூசிக்கொண்ட வண்ணம்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சிவகாசி, நாடு முழுவதற்கும் நாட்காட்டி அடிக்கும் ஊர். தினசரி கிழிக்கும் காலண்டர் அட்டையின் பின்புறத்தில் பல்லி விழும் பலனும் மனையடி சாத்திரமும் அச்சாகிப் பஞ்சாங்கம் வாங்காத வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனால் சிவகாசி பரப்பியது பட்டியலை. பல்லியின் குரலுக்குக் காது கொடுக்கும் பழக்கம் அகநானூற்றுப் பெண்ணிடமே இருக்கிறது. சொல்லும் பழையது: தமிழில் பல்லி, தெலுங்கில் பல்லியின் முதலெழுத்தை அழுத்திச் சொன்னால் போதும், கன்னடத்தில் ஹல்லி. பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜூக்கள் வீட்டிலும் தமிழ் பேசும் அடுத்த வீட்டிலும் சுவரைப் பார்த்துச் சொல்கிற சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிங்களத்தில் ஹூனு சாஸ்திரம் என்று தனியாக உண்டு, தாய்லாந்திலும் வீட்டுப் பல்லியின் குரலுக்கு நிமித்தம் பார்க்கிறார்கள். அதே பல்லி கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அந்நியப் பிராணி என்றுதான் பெயர் வாங்கியது. அங்குள்ளவர்களுக்கு அதனோடு பழைய பேச்சுவார்த்தை எதுவும் இல்லை.

பல்லிக்கு அப்பால் உள்ள விஷப் பிராணிகளுக்கும் இந்த வட்டாரம் வைத்திருந்த வழி ஒப்பிட்டுப் பார்க்கத் தகும். ராஜபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவிலில், வீட்டில் பாம்பு, தேள் நடமாட்டம் கண்டவர்கள் நேர்ந்துகொண்டு, அவற்றின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவார்கள். புற்றுமண்ணைக் கொண்டுவந்து வீட்டில் வைப்பார்கள். இதுவும் ஒரு மனுதான்: எங்கள் வீட்டை விட்டுப் போ, உன் பங்கை உன் இடத்தில் செலுத்திவிட்டோம். அந்தக் கோயிலைக் கட்டியவர் உக்கிரபாண்டியர் என்பது மரபு. பெயரை வைத்து அவரையும் நற்றிணைப் பெருவழுதியையும் ஒருவராக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. வேறுபாடு ஒன்று சொல்ல வேண்டும். பாம்பையும் தேளையும் வெளியேறும்படி வேண்டினார்கள், பல்லியிடம் அப்படி யாரும் வேண்டவில்லை. விழாமல் இரு என்பதே அதனிடம் எதிர்பார்த்தது.

இந்த ஏற்பாடு இன்று கலைந்திருக்கிறது, அதற்குப் பகுத்தறிவைக் காரணம் சொல்ல முடியாது. கைமரமும் ஓடும் போய்க் கான்கிரீட் வந்தது. ஒளிய இடம் குறைந்தது. மாடவிளக்குப் போய்க் குழல்விளக்கு வந்தது. பூச்சி முழுக்க ஒரே இடத்தில் கூட, பல்லியும் அங்கேயே கூடி, எல்லோர் கண்ணிலும் பட்டது. முட்டையோட்டை ஜன்னலில் செருகுவது, மயிலிறகைச் சுவரில் ஒட்டுவது, அந்துருண்டையை அலமாரியில் போடுவது, காபித்தூளையும் புகையிலையையும் உருட்டி வைப்பது என்று கைவைத்தியங்கள் பெருகியதும் இதே காலத்தில்தான். முட்டையோட்டைக் கண்டு பல்லி ஓடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மயில் பல்லியைத் தின்னும் என்பது உண்மை, உதிர்ந்த இறகு தின்னாது. பசைத்தட்டு வேறு கதை. அது உண்மையிலேயே பிடிக்கும், பிடித்துப் பல மணி நேரம் சாக விடும். முன்னோர் பட்டியலில் இருந்த எந்தக் கெட்ட பலனும் பல்லிக்கு அவ்வளவு கெட்டதாக இருந்ததில்லை.

பயத்தின் பெயரும் மாறிவிட்டது, தோஷம் இருந்த இடத்தில் விஷம் வந்திருக்கிறது. பல்லி விழுந்த உணவைச் சாப்பிட்டவர்கள் மருத்துவமனையில் என்ற செய்தி நாளிதழ்களில் ஓயாமல் வருகிறது. வீட்டுப் பல்லிக்கு நஞ்சுச் சுரப்பி இல்லை. அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், ஆறிய சோற்றில் விழுந்தால் வயிற்றைக் கெடுக்கலாம். கொதிக்கிற குழம்பில் அந்தக் கிருமிகள் பிழைப்பதில்லை. எனவே சுகாதாரம் படித்தவர் எழுப்பும் மறுப்புக்கு, அதாவது பல்லியைச் சகித்துக்கொள்வது அழுக்கைச் சகித்துக்கொள்வதுதானே என்பதற்கு, விடை பழைய சட்டத்திலேயே இருக்கிறது. சகித்தது சுவரில்தான், பாத்திரத்தில் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-ஐ ஒட்டி வந்த விதிகள், உணவு செய்யும் இடத்தில் பூச்சியும் பிராணியும் புகாமல் காக்கச் சொல்கின்றன. காஞ்சிபுரத்து முனிவருக்கும் அந்த விதி எழுதியவருக்கும் கருத்து வேறுபாடு ஒன்றுமில்லை.

மூடி போட முடியாத தொழில் ஒன்று இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, அகன்ற இரும்புக் கடாயில் பாலும் சர்க்கரையும் சுண்டச் சுண்டக் கிளறி எடுப்பது. ஆவி போனால்தான் கோவா, மூடினால் பால். அங்கே உடன்படிக்கையின் நமது பக்க ஷரத்தை நிறைவேற்ற வழியில்லை, அதனால் பல்லியின் பக்க ஷரத்தை ரத்து செய்தாக வேண்டும்: கடாய்க்கு மேலே சந்து பொந்து இல்லாத கூரை, வலை அடித்த ஜன்னல், அடுப்புக்குத் தள்ளி மாட்டிய விளக்கு. வீட்டு அடுக்களைக்கு இவ்வளவு தேவையில்லை. தட்டு ஒன்று கவிழ்த்தால் போதும், விளக்கைச் சமையல் மேடைக்கு நேர்மேலே மாட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

காட்டுக்குள் கதை வேறு. ராஜபாளையத்தை ஒட்டிய மலையிலிருந்து அண்மை ஆண்டுகளில் நெமாஸ்பிஸ் ரஷீதி என்ற பெயரில் ஒரு குட்டிப் பல்லி அறிவியலுக்குப் புதிதாக அறிமுகமானது. பாறையில் வாழும் சாதி, வீட்டுச் சுவரை அது அறியாது, அதன் பெயரில் பலன் எதுவும் எழுதப்படவும் இல்லை. வீட்டுப் பல்லிக்கோ காலண்டர்தான் பாறை. வெள்ளையாக, மொச்சைக்கொட்டையைவிடச் சிறிதாக, ஓடு இறுகிய இரண்டு முட்டைகளை அது சந்து பார்த்து இடும். ஆண்டு முடிந்து சிவகாசி அட்டையைச் சுவரிலிருந்து கழற்றும்போது, தலையில் விழுந்தால் கலகம் என்று அச்சிட்ட பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் அந்த முட்டையோடுகள் உடைந்து கிடக்கும்.